தெளிந்த நீரில் சாகும் மீன்கள்

வண்ண மீன் வளர்ப்பைப் பற்றித் தமிழ்நாட்டு வீடுகளிலும் கடைகளிலும் நிலவும் கருத்துகளுள் மிகப் பரவலாக ஏற்கப்பட்டிருப்பதும் மிகக் குறைவாக ஆராயப்பட்டிருப்பதும், மீன் தொட்டி என்பது முதன்மையாகத் துப்புரவு சார்ந்த காரியம் என்னும் கருத்தாகும். நீர் பளிச்சென்று இருந்தால் தொட்டி நலமாக இருக்கிறது என்றும், கலங்கினால் அழுக்கேறிவிட்டது என்றும், அழுக்கேறிய தொட்டியின் மீன்களை வாளிக்கு மாற்றி, நீர் முழுவதையும் கொட்டி, கற்களைத் தேய்த்து அலசி, வடிகட்டியின் பஞ்சைக் குழாயடியில் தெளிநீர் வரும்வரை பிழிந்து, புதுநீர் நிரப்பி மீன்களைத் திரும்ப விடுவதே வளர்ப்பவரின் கடமை என்றும் அது சொல்கிறது. வாரந்தோறும் இதைச் செய்தும் மீன்கள் செத்துக்கொண்டே இருந்தால், வாங்கிய மீன்கள் நோஞ்சான் என்றோ, மீன் வளர்ப்பு அந்த வீட்டுக்கு ராசியில்லை என்றோ முடிவு கட்டப்படுகிறது. கழுவிய கையை எவரும் ஐயுறுவதில்லை.

இக்கருத்து அடிப்படையிலேயே பிழையானது. புதிதாக வைக்கப்பட்ட தொட்டிகளில் முதல் இரண்டு மாதங்களுக்குள் நேரும் சாவுகளுக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது அழுக்கைக் கழுவாமல் விட்டது அன்று, கழுவக் கூடாததைக் கழுவியதுதான். தொடக்க நிலையினர் செய்யும் பிழைகள் என்று வழக்கமாக எண்ணிக்கையிட்டுக் கூறப்படும் அதிக மீன், அதிகத் தீனி, சிறிய தொட்டி, அவசரம், தேவையற்ற மருந்து ஆகியவை ஒன்றோடொன்று தொடர்பற்ற தனித்தனிக் குற்றங்களும் அல்ல. தொட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் ஒரே நிகழ்வை அறியாமையால் விளையும் ஒரே பிழையின் பல வடிவங்கள் அவை. அந்த நிகழ்வைச் சொல்லிக்கொடுக்காமல் பிழைகளை மட்டும் பட்டியலிட்டுக் கொடுப்பதால்தான், அப்பட்டியலை மனப்பாடம் செய்தவரும் அதிலில்லாத இன்னொரு வழியில் தம் மீன்களை இழக்கிறார்.

மீன் தான் உண்ட புரதத்திலுள்ள நைட்ரஜனை வெளியேற்றும் முறையிலிருந்து இதைத் தொடங்க வேண்டும். பாலூட்டிகள் அதை யூரியாவாக்கிச் சிறுநீரில் கழிக்கின்றன. நன்னீர் மீன்களோ பெரும்பகுதியை அம்மோனியாவாகவே, அதுவும் செவுள்கள் வழியாக, இடைவிடாமல் நீருக்குள் விடுகின்றன. தொட்டியின் அடியில் கிடக்கும் கழிவைக் கண்டு முகஞ்சுளிப்பவர், மீனின் முதன்மையான கழிவு நிறமற்றது என்பதையும், அது கரைந்திருக்கும் நீர் மிகத் தெளிவாகவே தோன்றும் என்பதையும் அறிவதில்லை. மீன் தீவனத்தில் நூற்றுக்கு நாற்பது பங்கு புரதம் இருப்பதாகக் கொண்டால், புரதத்தில் ஏறத்தாழ 16 விழுக்காடு நைட்ரஜன் என்ற கணக்கில், ஒரு கிராம் தீவனத்தில் 64 மில்லிகிராம் நைட்ரஜன் உண்டு. அதில் பாதியளவு அம்மோனியாவாக வெளிவந்தாலே, 10 லிட்டர் கொள்ளும் கிண்ணத்தில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் சேர்ந்துவிடுகிறது. அதே தீனி 100 லிட்டர் தொட்டியில் 0.3 மில்லிகிராமாக நிற்கிறது. தின்னாமல் மிஞ்சிய தீனி அழுகும்போது அதன் நைட்ரஜன் மீனின் உடலில் தங்காமல் பெரும்பாலும் நீருக்கே போகிறது என்பதால், அதிகத் தீனியும் சிறிய தொட்டியும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்களாகின்றன.

இக்கணக்கில் இன்னொரு நுட்பமும் உண்டு. நீரில் கரைந்த அம்மோனியா இரு வடிவங்களில் இருக்கிறது: ஒன்று மின்னேற்றம் பெற்ற அம்மோனியம், இது செவுளைக் கடந்து உட்புகுவது கடினம், ஆகவே தீங்கு குறைவு, மற்றொன்று மின்னேற்றமற்ற அம்மோனியா, இது செவுளின் மென்தோலை எளிதில் ஊடுருவும் நஞ்சு. இவற்றுள் எது எவ்வளவு என்பதை நீரின் பிஎச் அளவும், அதாவது அமிலத்தன்மையையோ காரத்தன்மையையோ காட்டும் எண்ணும், வெப்பமும் தீர்மானிக்கின்றன. 28 பாகை செல்சியஸில் பிஎச் 7 உள்ள நீரில் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே நஞ்சு வடிவில் இருக்க, பிஎச் 8 உள்ள நீரில் அது நூற்றுக்கு ஆறரைப் பங்காகிவிடுகிறது. ஆழ்துளைக் கிணற்றின் கடினநீரைக் கொண்டு நிரப்பப்படும் தொட்டிகள் பல இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. மேலே சொன்ன கிண்ணத்தில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் இருந்தால், அதில் 0.2 மில்லிகிராம் நஞ்சு வடிவம், லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்ற அளவிலேயே, அது நீடித்தால், செவுள்கள் சிதையத் தொடங்குகின்றன. மீன் நீர்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்து திணறுவதைப் பார்த்துக் காற்று போதவில்லை என்று பலர் நினைப்பது இயல்பே. காற்று போதாமையும் அதற்குக் காரணமாகலாம். ஆனால் காற்று மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதும் மீன் அப்படித் திணறினால், குறை நீரிலுள்ள காற்றில் இல்லை, அதை உள்வாங்க இயலாதபடி எரிந்துபோன செவுளில் இருக்கிறது.

இந்த நஞ்சிலிருந்து மீனைக் காப்பாற்றுவது நுண்ணுயிர்கள். மண்ணிலும் நீரிலும் அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவது வெறும் வேதிவினை அன்று, உயிர்களின் செயல் என்பதை 1877இல் பிரான்சின் ஷ்லோசிங், முன்ட்ஸ் ஆகிய இருவரும், குளோரோஃபார்ம் ஆவியால் நுண்ணுயிர்களை மயக்கினால் அம்மாற்றம் நின்றுபோவதைக் காட்டி நிறுவினர். ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி 1890 வாக்கில் அவ்வுயிர்களைப் பிரித்தெடுத்தார். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்ற, மற்றொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட் முன்னிரண்டையும்விடப் பல மடங்கு தீங்கு குறைந்தது, அவ்வப்போது சிறிதளவு நீர் மாற்றுவதன் மூலமும் நீர்த்தாவரங்கள் உறிஞ்சுவதன் மூலமும் குறைக்கத்தக்கது. அறிவியல் இதில் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது: அம்மோனியாவை உண்ணும் ஆர்க்கியா என்னும் வேறொரு பேரினத்து நுண்ணுயிர் 2005இல் முதன்முதலாகத் தனித்து வளர்க்கப்பட்டபோது, அது அமெரிக்காவின் சியாட்டில் நகர மீன் காட்சியகத்தின் வெப்பமண்டலக் கடல்நீர்த் தொட்டியிலிருந்தே எடுக்கப்பட்டது, இரு கட்டங்களையும் ஒரே நுண்ணுயிர் தனியாகச் செய்யவும் கூடும் என்பது 2015இல் வெளியான ஆய்வுகளால் தெரியவந்தது.

வளர்ப்பவர் மறக்கக் கூடாத செய்தி, இவை வாழும் இடம் பற்றியது. இவை நீரில் மிதந்து திரிபவை அல்ல. வடிகட்டியின் பஞ்சிலும், கற்களின் மேலும், கண்ணாடியின் மேலும், தொட்டிக்குள் தொட்டால் வழுவழுப்பாக இருக்கும் ஒவ்வொரு பரப்பிலும் மெல்லிய படலமாக ஒட்டி வாழ்கின்றன. துப்புரவாளர் அருவருத்துத் தேய்க்கும் அந்த வழுவழுப்புத்தான் தொட்டியின் உயிர்நிலை. குடிநீருக்கான இந்தியத் தர அளவீடு ஐஎஸ் 10500, குழாய்நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சி நிற்க வேண்டும் என்று வகுத்திருப்பது அந்நீரிலுள்ள நுண்ணுயிர்கள் சாக வேண்டும் என்பதற்காகத்தான். அந்நீர் பாயும் குழாயடியில் வடிகட்டிப் பஞ்சைப் பிழிபவர், தம் மீன்களுக்காக இரவும் பகலும் உழைத்த ஓர் உயிர்த்தொகுதியைக் கொன்று சாக்கடையில் விடுகிறார். வடிகட்டி என்பது அழுக்கைப் பிடித்துவைக்கும் சல்லடை என்ற எண்ணம் இதற்குத் துணைபோகிறது. அழுக்கைப் பிடிப்பது அதன் சிறு வேலை. நுண்ணுயிர்களுக்கு இடமும் ஓடும் நீரும் உயிர்வளியும் கொடுப்பதே பெருவேலை. இரவில் ஓசை என்றும் மின்கட்டணம் என்றும் அதை நிறுத்திவைப்பவர், சில வாட் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காக அந்த உயிர்த்தொகுதியை மூச்சுத் திணற வைக்கிறார்.

அழிந்த படலம் மறுநாளே வந்துவிடுவதுமில்லை. அழுகும் பொருளை உண்ணும் சாதாரண பாக்டீரியாக்கள் தக்க சூழலில் அரைமணி நேரத்துக்குள் இரட்டிக்கக்கூடியவை. அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் உண்பவை இரட்டிக்கப் பல மணி நேரமும் சில வேளைகளில் ஒரு நாளுக்கு மேலும் எடுத்துக்கொள்பவை. புதிய தொட்டி தன் முழு வலிமையை அடைய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும் என்று சொல்லப்படுவது இதனால்தான். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும். அடுத்து நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் இல்லாமற்போன பின்னரே தொட்டி மீன்களைத் தாங்கும். இடையில் ஓரிரு நாள்களில் நீர் பால்போல் வெளுத்துக் கலங்குவது, விரைவில் பெருகும் முதல்வகை பாக்டீரியாக்களின் பெருக்கமே. அது தானே அடங்கும். வாங்கிய முதல் வாரத்தில் அக்கலங்கலைக் கண்டு அஞ்சி முழுவதையும் கொட்டிக் கழுவுபவர், கடிகாரத்தை ஒவ்வொரு வாரமும் தொடக்கத்துக்கே திருப்பிவைக்கிறார். அவருடைய தொட்டி ஓராண்டு ஆனாலும் ஒரு வாரத் தொட்டியாகவே இருக்கிறது, அவருடைய மீன்கள் ஒவ்வொரு வாரமும் அதே நஞ்சேற்றத்தைப் புதிதாகச் சந்திக்கின்றன.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களுள் ஒன்று வலிமையானது, அதைத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது. முழுநீரையும் மாற்றினால் அம்மோனியாவும் அதனுடன் போய்விடுமே, வண்ண மீன் தொழிலுக்குப் பெயர்பெற்ற சென்னை கொளத்தூர்ப் பகுதி போன்ற இடங்களில் மீன் பெருக்குவோர் பலர் வடிகட்டியே இல்லாத சிமெண்டுத் தொட்டிகளில் நீர் மாற்றியே மீன்களை வளர்க்கவில்லையா என்பது அவ்வாதம். நீர் மாற்றினால் அம்மோனியா போகும் என்பது உண்மை. வளர்ப்போர் அம்முறையில் வெற்றி பெறுவதும் உண்மை. ஆயினும் அவர்கள் மாற்றுவது வாரத்துக்கு ஒருமுறை அன்று, நாள்தோறுமோ ஒன்றுவிட்ட ஒரு நாளோ. ஊற்றுவது குழாயிலிருந்து நேரே வந்த நீர் அன்று, பக்கத்துத் தொட்டியில் தேங்கி, ஆறி, அதே வெப்பத்துக்கும் அதே தன்மைக்கும் வந்த நீர். மீன்கள் பிறந்ததே அந்த நீரில். நுண்ணுயிரின் வேலையை அவர்கள் தம் கையுழைப்பால் இடைவிடாது செய்கிறார்கள். வீட்டில் தொட்டி வைத்திருப்பவர் அந்த உழைப்பையும் ஏற்காமல், நுண்ணுயிரையும் வாழவிடாமல், இரண்டுக்கும் நடுவில் ஞாயிற்றுக்கிழமைக் கழுவலில் நிற்கிறார்; ஆறு நாள் நஞ்சு ஏறுகிறது, ஏழாம் நாள் நீரின் வெப்பமும் பிஎச் அளவும் உப்புச்செறிவும் ஒருசேர மாறி மீனை அதிர்ச்சிக்கு உள்ளாக்குகின்றன. கடைக்காரரின் தொட்டியில் மீன் நன்றாகத்தானே இருந்தது என்ற கேள்விக்கும் விடை இதில் அடங்கும்: கடையில் அந்த மீன் சில நாள்கள் மட்டுமே, பெரும்பாலும் அரைவயிற்றுத் தீனியுடன் இருந்தது.

இன்னொரு தரப்பு எதிர்முனைக்குப் போய், நல்ல தொட்டிக்கு நீரே மாற்ற வேண்டியதில்லை என்கிறது. இவ்வெண்ணத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1850இல், தங்கமீன்களையும் வாலிஸ்நேரியா என்னும் நீர்ப்பூண்டையும் நத்தைகளையும் ஒரே கலத்தில் வைத்து, தாவரம் விடும் உயிர்வளி மீனுக்கும் மீனின் கழிவு தாவரத்துக்கும் பயன்பட, நத்தை அழுகலைத் தின்று தீர்க்க, கலம் தன்னில்தானே நிறைவுறும் என்று விளக்கினார். அவர் காட்டியதில் பேருண்மை உண்டு. ஆனால் அவருடைய கலத்தில் மீன்கள் மிகக் குறைவு, தாவரங்கள் மிகுதி. பத்து மீன்களும் ஒரு பிளாஸ்டிக் செடியும் உள்ள தொட்டிக்கு அந்த விதியைப் பொருத்த முடியாது.

நீரே மாற்றாத தொட்டியில் நடப்பது மெதுவான வீழ்ச்சி. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றுவதற்கு நுண்ணுயிர்கள் சுமார் 7 மில்லிகிராம் கார்பனேட் காரத்தை, கால்சியம் கார்பனேட் கணக்கில், செலவழிக்கின்றன. மாதக்கணக்கில் புதுநீர் வராவிட்டால் அந்த இருப்பு தீர்ந்து, பிஎச் 8இலிருந்து 7க்கும் 6க்கும் சரிகிறது. 6ஐ நெருங்கும்போது நுண்ணுயிர்களின் வேலையும் ஏறக்குறைய நின்றுபோய், அம்மோனியம் சேர்கிறது. அமில நீரில் அது தீங்கற்ற வடிவில் இருப்பதால் மீன்கள் எதையும் காட்டிக்கொள்வதில்லை. வளர்ப்பவர் ஒருநாள் தம் அலட்சியத்துக்கு வருந்தி, நல்லெண்ணத்துடன் பாதி நீரை எடுத்துவிட்டுக் கடினமான ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றுகிறார். பிஎச் 6இலிருந்து 7.5க்குத் தாவினால், 28 பாகை வெப்பத்தில் நஞ்சு வடிவத்தின் பங்கு முப்பது மடங்கு கூடுகிறது. பாதி நீர் போனதைக் கழித்தாலும் நஞ்சு பதினைந்து மடங்கு. அன்று மாலைக்குள் மீன்கள் சாகின்றன. தண்ணீர் மாற்றினால் மீன் செத்துவிடும் என்று சிலர் அதற்குப்பின் சூளுரைத்துச் சொல்வது இத்தகைய அனுபவத்திலிருந்தே பிறக்கிறது. அவர்கள் கண்டது உண்மை, கொண்ட முடிவு தவறு. வாரத்துக்கு நான்கில் ஒரு பங்கு நீரை மட்டும் ஒழுங்காக மாற்றிவந்திருந்தால் காரம் தீர்ந்திருக்காது, தாவலும் நேர்ந்திருக்காது.

சிறிய கிண்ணமே தொடக்கத்துக்கு ஏற்றது, கைபழகிய பின் பெரிய தொட்டிக்குப் போகலாம் என்ற அறிவுரை, துப்புரவுக் கருத்தின் நேர்வாரிசு. கழுவ எளிது என்பதைத் தவிர அதற்கு வேறு நியாயமில்லை. நீரின் அளவு குறையக்குறைய ஒவ்வொரு பிழையின் விளைவும் விரைந்து பெருகுகிறது என்பதால், பத்து லிட்டரைப் பேணுவது தேர்ந்தவருக்கே அரிது. 60 லிட்டரோ 100 லிட்டரோ கொண்ட தொட்டிதான் அறியாதவரின் பிழையைச் சில நாள்களேனும் பொறுத்துக்கொள்ளும். இத்தாலியின் ரோம் நகராட்சி 2005இல் தங்கமீன்களை உருண்டைக் கிண்ணத்தில் வைப்பதைத் தடைசெய்தது. தங்கமீன் வெப்பமண்டல மீனே அன்று; நன்கு வளர்ந்தால் 20 சென்டிமீட்டரைத் தாண்டி, பத்தாண்டுக்கு மேலும் வாழக்கூடிய அதைக் கிண்ணத்தில் ஆறு மாதம் வைத்திருந்து, அதன் ஆயுள் அவ்வளவுதான் என்று தலைமுறை தலைமுறையாக நம்பிவருகிறோம்.

ஃபைட்டர் மீனுக்கு இழைக்கப்படும் அநீதி இதனினும் கொடியது, ஏனெனில் அதற்கு அறிவியல் போன்ற ஒரு நியாயம் சொல்லப்படுகிறது. தாய்லாந்தின் நெல்வயல்களிலும் சதுப்புகளிலும் வாழும் இம்மீனுக்குச் செவுளோடு கூட, தலைக்குள் மடிப்புமடிப்பான ஓர் உறுப்பு உண்டு. நீர்மட்டத்துக்கு வந்து விழுங்கிய காற்றிலிருந்து நேரடியாக உயிர்வளியை எடுக்க அது உதவுகிறது. ஆகவே இதற்குக் கைப்பிடியளவு நீரே போதும், ஊறுகாய் பாட்டிலிலும் வாழும் என்கிறார்கள். உயிர்வளி குறைந்த நீரில் இம்மீன் தாக்குப்பிடிக்கும் என்பதே அவ்வுறுப்பு மெய்ப்பிப்பது. அம்மோனியாவை அது தடுப்பதில்லை, அதன் செவுள்களும் மற்ற மீன்களின் செவுள்களைப் போலவே நஞ்சில் எரிகின்றன. பிற மீன்கள் மூச்சுத் திணறிச் செத்துப்போகும் பாட்டிலில் இது சாகாமல் பல வாரம் துன்புறுகிறது என்பதை வாழ்கிறது என்று எண்ணுவது, அதன் பொறுமையை நம் வசதிக்குப் பயன்படுத்திக்கொள்வதாகும். தவிரவும், வயலில் நீர் ஆழம் குறைவாக இருக்கலாம், பரப்பு குறைவன்று. ஒரு பாட்டிலில் அடங்கிய வயலை எந்த மீனும் கண்டதில்லை.

தொட்டியைத் தானே துப்புரவு செய்யும் என்று சொல்லி விற்கப்படும் சக்கர் மீனைப் பற்றி மிகச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தென் அமெரிக்காவைச் சேர்ந்த அம்மீன் கண்ணாடியில் படிந்த பாசியைச் சிறுவயதில் சுரண்டித் தின்னும். மற்ற மீன்களின் கழிவைத் தின்று தீர்ப்பதில்லை, தானும் ஏராளமாகக் கழிக்கிறது, ஆகவே அது வந்தபின் அம்மோனியா கூடுமேயன்றிக் குறையாது. 30 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்து தொட்டியில் இடமில்லாமற்போனபின், கொல்ல மனமில்லாதவர்கள் அதை ஏரியில் விடுகிறார்கள். தமிழ்நாட்டின் ஏரிகளிலும் ஆறுகளிலும் இன்று அது பெருகி, உள்ளூர் மீன்களின் இரையையும் இடத்தையும் பறித்து, கூரிய முள்ளால் மீனவரின் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. துப்புரவுக்கென்று வாங்கிய ஒரு மீன் ஊர் ஏரியையே கெடுக்க நேர்ந்தது, அறியாமை வீட்டுச் சுவரோடு நிற்பதில்லை என்பதற்குப் போதிய சான்று.

மீன் சோர்ந்தவுடன் மருந்து ஊற்றும் வழக்கமும் இதே வேரிலிருந்து முளைப்பது. அழுக்கும் கிருமியும் ஒன்று என்று பழகிய மனம், நோயென்றால் கிருமி, கிருமியென்றால் நீலமருந்து என்று முடிவெடுக்கிறது. வெள்ளைப்புள்ளி நோய் உண்மையிலேயே ஒட்டுண்ணியால் வருவது. மழைக்காலத்தில் நீர் திடீரெனக் குளிரும்போது தாக்குவது. மீனின் தோலுக்குள் இருக்கும்வரை அவ்வொட்டுண்ணியை மருந்து எட்டாது, நீரில் நீந்தும் இளம்பருவத்தில் மட்டுமே எட்டும், ஆகவே பல நாள் தொடர்ந்து மருந்திட வேண்டியிருக்கும். அதைத் தனிக் கலத்தில் செய்வதே முறை. முதன்மைத் தொட்டியில் மெத்திலீன் நீலத்தைக் கொட்டினால், அது அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்களையும் செயலிழக்கச் செய்து, புள்ளிநோயிலிருந்து தப்பிய மீனை நஞ்சுக்கு ஒப்படைக்கிறது. கல்லுப்பு போடச் சொல்லும் கடைக்காரரின் பழைய அறிவுரையோ, அவர் சொல்லும் காரணத்துக்காக இல்லாவிட்டாலும், பெரும்பாலும் நல்ல அறிவுரை: நைட்ரைட் மீனின் குருதிக்குள் புகுந்து உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபினைப் பழுப்பாக்கி முடக்குகையில், உப்பிலுள்ள குளோரைடு செவுளின் வாயிலில் நைட்ரைட்டோடு போட்டியிட்டு அதன் நுழைவைத் தடுக்கிறது. கிருமியைக் கொல்லும் என்று நம்பிப் போடப்படும் உப்பு, அவர் அறியாத வேறொரு வழியில் மீனைக் காக்கிறது. செதிலற்ற கெளுத்தி வகைகளும் நீர்த்தாவரங்களும் உப்பைத் தாங்குவது குறைவு என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

செத்த மீன் வீட்டாருக்கு வரவிருந்த தீங்கைத் தான் வாங்கிக்கொண்டது என்ற நம்பிக்கையும் பல வீடுகளில் உண்டு. இழப்பின் துயரை அது ஆற்றக்கூடும்; அதை இகழ வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு சாவையும் விதியின் கணக்கில் எழுதுவதால், நீரைச் சோதித்துப் பார்க்கும் எண்ணமே எழாமற்போகிறது, அதே நீரில் அடுத்த மீன் விடப்படுகிறது. தன் துன்பத்தைக் குரலெழுப்பிச் சொல்ல இயலாத ஓர் உயிரின் சாவுக்குக் காரணம் தேடுவது, அதை வாங்கி வந்தவர் அதற்குப் பட்ட குறைந்தளவுக் கடன்.

குளிர்நாட்டு நூல்கள் முதலிடம் கொடுக்கும் வெப்பக் கருவி பற்றி இங்கு அதிகம் பேச வேண்டியதில்லை. சென்னையிலும் கடலோர மாவட்டங்களிலும் தொட்டிநீர் ஆண்டின் பெரும்பகுதி 26இலிருந்து 30 பாகைக்குள் தானே நிற்கிறது. உதகையிலும் கொடைக்கானலிலும் அது கட்டாயம் வேண்டும். நம் ஊரில் எண்ணிப்பார்க்க வேண்டியது வெப்பமிகுதியே: 25 பாகையில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை உயிர்வளி கரையும் நீரில், 30 பாகையில் 7.5 மட்டுமே கரையும்; அதிலும் ஒரு பங்கை நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் என்பதால், கோடையில் மீன்களின் எண்ணிக்கையைக் குறைவாகவே வைக்க வேண்டியிருக்கிறது.

மாற்றுவழி செலவு மிக்கதும் அன்று, அரியதும் அன்று. காற்று மோட்டாரால் இயங்கும் பஞ்சு வடிகட்டி, கடைகளில் ஸ்பாஞ்ச் ஃபில்டர் எனப்படுவது, விற்பனைக்குள்ளவற்றுள் மிக மலிவானவற்றுள் ஒன்று. நுண்ணுயிர்களுக்கு இடங்கொடுப்பதில் விலையுயர்ந்த பல கருவிகளுக்கு அது குறைந்ததன்று. ஆரோக்கியமான பழைய தொட்டியில் ஓடிக்கொண்டிருக்கும் பஞ்சின் ஒரு துண்டை ஈரம் காயாமல் கொண்டுவந்து புதிய வடிகட்டியோடு சேர்த்தால், பாலுக்கு உறை குத்தியது போல நுண்ணுயிர்கள் புதிய இடத்தில் வேரூன்றி, ஆறு வாரக் காத்திருப்பைப் பெரிதும் சுருக்கிவிடும். அது கிடைக்காதவர், மீனில்லாத தொட்டியில் சிறிதளவு தீனியை இட்டு அழுகவிட்டு, அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சோதனைத் துளிகளால் அளந்து, இரண்டும் தோன்றி மறையும்வரை காத்திருக்கலாம். அதன் பின்னும் முதலில் இரண்டோ மூன்றோ மீன், அவை இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுத் தீனி. மீன்களைக் கூட்டுவது வாரக்கணக்கில், படிப்படியாக. வாரந்தோறும் கால்பங்கு நீரை எடுத்து, முதல்நாளே பிடித்து வைத்துக் குளோரின் நீக்கிய நீரை ஊற்றுவதும், பஞ்சு அடைத்துக்கொண்டால் மட்டும் எடுத்த தொட்டிநீரிலேயே ஒருமுறை பிழிந்து திரும்ப வைப்பதும் போதும். கடினநீர் வரும் வீட்டில் அமேசானின் மென்மையான அமில நீருக்குரிய நியான் டெட்ராவை வைத்துப் போராடுவதைவிட, கடினநீரை விரும்பும் கப்பியையும் மோலியையும் தேர்ந்தெடுப்பது அறிவுடைமை.

இவற்றுள் எதையும் வாங்குபவர் தாமாக அறிந்துகொள்ள முடியாது; தொட்டியையும் கல்லையும் வடிகட்டியையும் பத்து மீன்களையும் ஒரே நாளில் ஒரே பையில் கட்டிக்கொடுக்கும் விற்பனை முறையே அவருக்குத் தரப்படும் முதற்பாடமாக இருக்கிறது. அப்பாடத்தை மாற்றும் ஆற்றலும் பொறுப்பும் முதலில் கடைக்காரருக்கே உண்டு. தொட்டியை இன்று விற்று, மீனைச் சில வாரம் கழித்து விற்பதும், தம் கடையில் ஓடும் பஞ்சிலிருந்து ஒரு துண்டை வெட்டிப் புதியவருக்குக் கொடுப்பதும் அவருக்குக் கைப்பொருள் இழப்பு அன்று. காத்திருக்கச் சொன்னால் வாங்க வந்தவர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார் என்று சொல்லப்படுகிறது. போகிறவர் சிலர் இருப்பார்கள். ஆனால் இன்றைய முறையில் மூன்று மாதத்துக்குள் எல்லா மீனையும் இழந்து, வெறுந்தொட்டியைப் பரணில் ஏற்றிவிட்டு, எந்தக் கடைப்பக்கமும் திரும்பாதவர்கள் அவர்களைவிடப் பலர். முதல் மீன் ஓராண்டு வாழக்கண்டவரோ தீனிக்கும் செடிக்கும் இரண்டாவது தொட்டிக்கும் அதே கடைக்குத்தான் திரும்பி வருகிறார்.